கம்மலை மறைக்கும் தொலைக்காட்சியும் சட்டைக்கையை வெட்டிய பேரரசரும்

கேள்வி: "சீனத் தொடர்களில் நாயகர்கள் நீள்முடி பறக்க, உதட்டுச்சாயம் பூசிப் பூப்போல வருகிறார்கள். அதே நாட்டில் பெண்மைத்தனமான ஆண்களைத் திரையில் காட்டாதே என்று அரசு உத்தரவு போடுகிறது. சீனப் பண்பாடு ஆண், பெண் என்பதை உண்மையில் எப்படிப் பார்க்கிறது? ஓரினச்சேர்க்கை அங்கே பழங்காலத்திலேயே இருந்ததா, மேற்கிலிருந்து வந்ததா?"

இரண்டையும் சேர்த்துக் கேட்டது சரி. ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு மற்றதற்குப் பதில் சொல்ல முடியாது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட எழுத்துப் பதிவுகள் இருக்கின்றன. அதைப் பெரும்பாவம் என்று முழங்கும் மதம் எதுவும் சீனத்தில் ஆட்சி செய்யவில்லை. ஆனால் கல்யாணம் கட்டாமல், பிள்ளை பெறாமல் இருப்பதை அந்தச் சமூகம் லேசில் மன்னித்ததில்லை. ஓர் ஆண் யார்மேல் ஆசைப்படுகிறான் என்பதைவிட, மகனாகப் பிறந்த கடனை அடைத்தானா என்றுதான் ஊர் கேட்டது. இன்றும் அதையேதான் கேட்கிறது. நீங்கள் சொல்லும் 'பெண்மைத்தனம்' பற்றிய பதற்றம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அது இப்போதுள்ள வடிவத்துக்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

நான் தென்சீன நகரமான குவாங்சோவில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். பொத்தான், ஜிப், பின்னல் இயந்திரம் வாங்க வரும் திருப்பூர்க்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. படித்ததும் பார்த்ததும் கலந்துதான் எழுதுகிறேன். இன்னொன்று: 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் ஒரு மனிதரின் ஈர்ப்பை, அன்பை, வாழ்க்கையை எல்லாம் வெறும் உடலுறவாகச் சுருக்கிவிடுகிறது. அதனால் 'தன்பாலீர்ப்பு' என்றே சொல்லப்போகிறேன்.

சீன மொழியில் இதற்கு இருந்த பழைய சொற்களே ஒரு வரலாறு. 'வெட்டிய கை' என்பார்கள். ஹான் வம்சத்துப் பேரரசர் ஆய் (ஆட்சி கி.மு. 7 முதல் 1 வரை) தோங் சியன் என்ற இளைஞனோடு பகலில் படுத்திருந்தார். எழ வேண்டிய நேரம் வந்தபோது, அவருடைய அங்கியின் கைமேல் தலைவைத்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனை எழுப்ப மனமில்லாமல் கைத்துணியை வெட்டிவிட்டு எழுந்து போனார். ஹான் வம்ச வரலாற்று நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. ஆனால் அந்த நூலில் அதன் பக்கத்திலேயே இருக்கும் செய்திகளைப் பலர் சொல்வதில்லை. தோங் சியனுக்கு மனைவி உண்டு. அவளும் அரண்மனைக்குள் வந்து தங்க அனுமதி கிடைத்தது. அவன் தங்கையைப் பேரரசர் தன் அந்தப்புரத்தில் சேர்த்துக்கொண்டார். 22 வயதில் அவன் படைகளின் உச்சப் பதவிக்கு வந்தான். பேரரசர் இறந்ததும் பதவி பறிபோயிற்று, அவனும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இதை எழுதிய வரலாற்றாசிரியருக்கு வயிற்றெரிச்சல் எல்லாம் தகுதியில்லாத ஒருவன் இவ்வளவு மேலே போனான் என்பதில்தான். ஆண் ஆணை நேசித்தது அவருக்கு உறுத்தவே இல்லை.

'மிச்சப் பீச்சம்பழம்' என்பது இன்னொரு பழஞ்சொல். வெய் நாட்டுக் கோமகன் லிங், மீட்சு சியா என்ற அழகனிடம் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். ஒருநாள் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு, அனுமதி வாங்காமல் கோமகனின் தேரிலேயே ஏறிப்போய்விட்டான் மீட்சு சியா. அதற்குத் தண்டனை காலை வெட்டுவது. கோமகனோ, "தாய்க்காகக் காலையே பணயம் வைத்தானே" என்று மெச்சினார். இன்னொரு நாள் தோட்டத்தில் பீச்சம்பழத்தைக் கடித்தவன், இனிக்கிறதே என்று மிச்சத்தை அவரிடம் நீட்டினான். "தன் வாய்க்கு ருசித்ததை எனக்குத் தருகிறான்" என்று உருகினார். மீட்சு சியாவுக்கு வயதாகி அழகு குறைந்தபின் அதே கோமகன், "என் தேரை எடுத்துப்போனவன், எச்சில் பழத்தை எனக்குக் கொடுத்தவன்" என்று குற்றம் சாட்டினார். கதையைச் சொன்ன ஹான் ஃபெய் ஓர் அரசியல் சிந்தனையாளர். ஆளுகிறவனின் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிந்துதான் ஆலோசகன் வாய் திறக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாகத்தான் இதைச் சொன்னார்.

இந்தக் கதைகளை வைத்துக்கொண்டு பழைய சீனம் ஒரு பொற்காலம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டிலும் ஒருவர் ஆள்பவர், மற்றவர் அவர் தயவில் வாழ்பவர். பிற்காலத்துப் பெய்ஜிங்கில் பணக்காரர்களும் அதிகாரிகளும் நாடகக் குழுக்களில் பெண் வேடம் கட்டிய பையன்களைத் தேடிப் போனார்கள். வறுமையில் விற்கப்பட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். இந்த வழக்கத்தை 1912இல் குடியரசு வந்ததும் தடை செய்தார்கள். அந்தப் பையன்களுக்கு என்ன விருப்பம் இருந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆசையைச் சமூகம் கண்டுகொள்ளாமல் விட்டதை அது சமமான காதலுக்கு இடம் கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆண், பெண் பற்றிய கருத்துகள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று பார்க்க எழுத்துகளிலிருந்தே தொடங்கலாம். 'ஆண்' என்ற எழுத்தில் மேலே வயல், கீழே வலிமை. 'அமைதி' என்ற எழுத்தில் ஒரு கூரை, அதன் கீழே பெண். 'நல்லது' என்பதற்குப் பெண்ணும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். எழுத்தைப் பிரித்துப் பார்த்துப் பண்பாட்டைச் சொல்வதில் ஓரளவுக்குமேல் போனால் தப்பாகிவிடும். ஆனாலும் சீனப் பிள்ளைகள் இப்படித்தான் எழுத்தை மனத்தில் வாங்குகிறார்கள். பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ஒரே ஒலிதான், 'தா'. எழுத்தில் 'அவள்' என்ற தனி வடிவம் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் பரவியது.

ஆண் குழந்தை பிறந்தால் கட்டிலில் கிடத்தி விளையாடப் பச்சைக்கல் கொடுப்பார்கள், பெண் குழந்தையைத் தரையில் கிடத்தி நூற்புக் கருவியின் சுட்டமண் துண்டைக் கொடுப்பார்கள் என்று சீனத்தின் மிகப் பழைய பாடல் தொகுப்பே சொல்கிறது. 'பச்சைக்கல்லோடு விளையாடுவது' இன்றும் ஆண் பிள்ளை பிறந்த மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல். பெண்ணுக்கு மூன்று கீழ்ப்படிதல்கள்: மணமாகும்வரை தந்தைக்கு, பிறகு கணவனுக்கு, கணவன் போனபின் மகனுக்கு. பெண் உள்ளே, ஆண் வெளியே. கி.பி. முதல், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பான் ஜாவ் என்ற அறிஞர், ஒரு பெண், பெண்களுக்குப் பணிவைப் போதித்து எழுதியது பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. அதே எழுத்தில் பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு வேண்டும் என்று அவர் வாதாடியிருப்பதை மறந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முடிச்சாக இருப்பது கன்ஃபூசியஸ் வழிவந்த பழஞ்சிந்தனையாளர் மென்சியஸின் ஒரு வாக்கியம். பெற்றோருக்குச் செய்யும் துரோகங்கள் மூன்று, அவற்றில் பெரியது வாரிசு இல்லாமல் போவது. முன்னோருக்குப் படையல் வைக்க ஆண்வழியில் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் செத்தவர்கள் பசியோடு அலைவார்கள். பித்ருக்கடன் என்ற சொல்லை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்குள் ஆண்மைக்கு ஒரே அச்சு இருந்ததில்லை என்பது நீங்கள் பார்க்கும் தொடர்களுக்கான சாவி. 'வென்' என்பது கல்வி, கவிதை, பண்பு. 'வூ' என்பது வீரம், படை. இரண்டுமே ஆண்மை. பெரும்பாலும் வென்னுக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் அரசுத் தேர்வில் தேறி அதிகாரியாகும் வழி அது. வெளுத்த முகம், மெல்லிய விரல், எளிதில் கலங்கும் கண் கொண்ட இளம் அறிஞன் பல நூற்றாண்டுகளாகக் காதல் கதைகளின் நாயகன். அவனைப் பெண்மைத்தனம் என்று யாரும் கேலி செய்யவில்லை. மேடையில் பெண் வேடத்துக்கே பெயர்பெற்ற மெய் லான்ஃபாங் (1894–1961) நாட்டின் மிகப் பெரிய கலைஞராகக் கொண்டாடப்பட்டார். ஷாங்ஹாயில் வளர்ந்த யுவே நாடகத்தில் ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். ஆகவே உங்கள் தொடரின் நாயகன் கொரியாவிலிருந்து மட்டும் இறங்கிவந்தவன் இல்லை.

சட்டம் என்று பார்த்தால், சிங் வம்ச அரசு 1740இல் இருவர் சம்மதத்தோடு நடந்த ஆண்–ஆண் உறவுக்கும் நூறு தடியடியும் ஒரு மாதம் கழுத்தில் மரப்பலகையும் தண்டனையாக வைத்தது. அப்போது சீனத்தில் கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காத ஏழை ஆண்கள் பெருகியிருந்தார்கள். அவர்களை 'குவாங்குன்' என்றார்கள், மொட்டைக் கழி என்று பொருள். கிளையில்லை, இலையில்லை. இவர்கள் நல்ல குடும்பத்துப் பெண்களையும் பையன்களையும் கெடுத்துவிடுவார்கள் என்பதே அரசின் பயம். இன்னோர் ஆணுக்கு உடலால் கீழே போன ஆண், கணவனும் தந்தையுமாக நிற்கும் தகுதியை இழக்கிறான் என்ற கணக்கும் அதில் இருந்தது. பெண்–பெண் உறவைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வரி பேசவில்லை. பெண்ணின் ஆசையை அது ஒரு பொருட்டாக எண்ணவில்லை. குவாங்குன் என்ற சொல் இன்றும் உயிரோடு இருக்கிறது. நவம்பர் 11 இணையத் தள்ளுபடித் திருவிழா முதலில் நான்கு ஒன்றுகள் வரிசையாக நிற்கும் மொட்டைக் கழிகளின் நாளாகத்தான் தொடங்கியது.

மக்கள் வழக்கங்களில் இதைவிட இடம் இருந்தது. ஃபூஜியன் கரையோரத்தில் இரண்டு ஆண்கள் 'ஒப்பந்த அண்ணன், ஒப்பந்தத் தம்பி' என்று உறவு பூண்டு வாழ்ந்ததையும், தம்பியின் வீட்டார் அண்ணனை மருமகன்போல் நடத்தியதையும், பிறகு தம்பிக்குக் கல்யாணச் செலவை அண்ணனே ஏற்றதையும் மிங் காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. பாருங்கள், கடைசியில் அங்கும் கல்யாணம் வந்துவிடுகிறது. அதே ஃபூஜியனில் முயல் தெய்வம் ஒன்று உண்டு. அழகான அதிகாரி ஒருவரை ஒளிந்து பார்த்ததற்காக அடித்துக் கொல்லப்பட்ட ஹூ தியன்பாவ் என்பவன், எமலோகத்தில் "உன் குற்றம் அன்புதானே" என்று மன்னிக்கப்பட்டு ஆண்களை விரும்பும் ஆண்களின் காவலனானான் என்பது கதை. இன்று தைவானில் தாய்பேய் நகரை ஒட்டிய யோங்ஹே பகுதியில் அந்தத் தெய்வத்துக்குக் கோயில் இருக்கிறது. துணை வேண்டி இளைஞர்கள் வந்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள்.

என்னை மிகவும் பாதித்தது பெண்களின் கதை. குவாங்சோவுக்குத் தெற்கே ஷுந்தே. மல்பெரித் தோட்டமும் மீன் குளமும் மாறி மாறி வரும் பட்டுப்புழு நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் நீராவிப் பட்டு ஆலைகள் வந்தன. கூலி பெண்களின் கையில் விழுந்தது. அங்கே கன்னிப்பெண் பின்னல் போடுவாள், மணமானவள் கொண்டை போடுவாள். கல்யாணத்துக்கு முன் கொண்டையை முடிந்துவிடும் சடங்கு உண்டு. சில பெண்கள் குவான்யின் தெய்வத்தின் முன் நின்று தங்கள் கூந்தலைத் தாங்களே சீவிக் கொண்டை போட்டுக்கொண்டார்கள், இனிமேல் எவனுக்கும் மனைவியில்லை என்ற சத்தியத்தோடு. 'தானே சீவிக்கொண்டவர்கள்' என்று அவர்களுக்குப் பெயர். 'தங்க ஆர்க்கிட்' சங்கம் என்று உடன்பிறவாச் சகோதரிகளாகச் சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் காதலர்களாகவே வாழ்ந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. எல்லாரையும் தன்பாலீர்ப்பாளர் என்று இன்று நாம் முத்திரை குத்த முடியாது. மாமியார் வீட்டு அடிமைத்தனத்திலிருந்து தப்பியவர்களும் இருந்தார்கள், வெறும் கூலிக்காகவும் சுதந்திரத்துக்காகவும் வந்தவர்களும் இருந்தார்கள்.

1930களில் பட்டு விலை சரிந்தது. இவர்களில் பலர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, பின்னால் ஒற்றைப் பின்னலோ கொண்டையோ போட்ட 'ஆமா' என்ற வீட்டுப் பணிப்பெண்களைச் சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் இவர்கள்தான்.

ஷுந்தேயின் ஜுன்ஆன் ஊரில் அவர்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பணத்தில் எழுந்த வீடு இருக்கிறது. இப்போது அருங்காட்சியகம். ஒரு மழைநாளில் போனேன். இவர்களுக்கு எதற்குத் தனி வீடு என்று கூடவந்த ஜவுளிக்கடை அம்மா விளக்கினார். மணமாகாத மகள் பிறந்த வீட்டில் சாகக் கூடாது. அது அபசகுனம். அவள் பெயர்ப்பலகைக்கு அப்பாவின் முன்னோர் மாடத்தில் இடமில்லை, கணவன் வீடும் இல்லை. அதனால் சிலர் பணம் கொடுத்து, ஏற்கெனவே செத்துப்போன ஓர் ஆணுக்கு 'மனைவி'யாகி, செத்தபின் ஓர் இடம் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் சேர்ந்து இப்படி ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார்கள். "வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்துத் தம்பி, அவன் பிள்ளைகளைப் படிக்கவைத்தாள் என் பெரிய அத்தை. அவளைச் சாகும்போது வீட்டு வாசல்படி தாண்ட விடவில்லை" என்றார் அவர். சுவரில் வரிசையாகக் கிழவிகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள். ஆண் வழி, பெண் வழி என்ற அந்தக் கட்டமைப்பு என்னவென்று எந்த நூலையும்விட அந்த வாசல்படிதான் எனக்குச் சொன்னது.

இனிப் பதற்றத்தின் கதைக்கு வருகிறேன். அபினிப் போர்களில் தோல்வி, ஜப்பானிடம் தோல்வி. 'கிழக்கு ஆசியாவின் நோயாளி' என்ற பழிப்பெயர் சீன அறிவாளிகளின் மனத்தில் தைத்தது. வெளுத்த முகத்து அறிஞன் திடீரென்று நாட்டின் அவமானமாகத் தெரிந்தான். உடற்பயிற்சி, ராணுவ நடை, தசை ஆகியவை நாட்டுக் கடமையாயின. அதே வேளையில் ஜப்பான் வழியாக ஐரோப்பிய மருத்துவச் சொற்கள் வந்தன. இன்று சீனத்தில் வழங்கும் 'ஒருபால் காதல்' என்ற சொல்லே அப்படி வந்ததுதான். அதுவரை தன்பாலீர்ப்பு ஒரு பழக்கம், ஒரு ரசனை, சிலநேரம் ஒரு கேலி. இப்போது அது ஒரு வகை மனிதனின் நோயானது. சமூகவியலாளர் பான் குவாங்தான், ஹாவ்லாக் எல்லிஸின் பாலியல் நூலைச் சீனத்தில் பெயர்த்து 1946இல் வெளியிட்டபோது, சீன இலக்கியத்தில் தன்பாலீர்ப்பு பற்றிய சான்றுகளைத் திரட்டிப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். மறந்துபோன ஒன்றை நாட்டுக்கு நினைவூட்டிய அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். மேற்கிலிருந்து தன்பாலீர்ப்பு வரவில்லை, அதை நோயாகப் பார்க்கும் கண்தான் வந்தது என்று ஒரே வரியில் சொன்னால் ஏறக்குறையச் சரி. சிங் சட்டத்தின் தடியடி அதற்கும் முந்தியது என்பதால் முழுக்கச் சரியில்லை.

1949க்குப் பிறகு பெண் பாதி வானத்தைத் தாங்குகிறாள் என்றார்கள். 1950 திருமணச் சட்டம் கட்டாயக் கல்யாணத்தையும் ஆசைநாயகி வைத்துக்கொள்வதையும் ஒழித்தது. டிராக்டர் ஓட்டும் 'இரும்புப் பெண்கள்' சுவரொட்டிகளில் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சமத்துவத்தில் பெண் ஆணைப்போல் ஆக வேண்டியிருந்தது, ஆண் மாறவேண்டியிருக்கவில்லை. தன்பாலீர்ப்பாளர் கண்ணிலிருந்தே மறைந்துபோனார்கள். 1979 குற்றவியல் சட்டத்தில் 'போக்கிரித்தனம்' என்ற ஒரு பிரிவு இருந்தது. அதில் தன்பாலீர்ப்பு என்று எழுதியிருக்காது. 'பிற போக்கிரிச் செயல்கள்' என்ற வால் போதும், போலீஸ் பிடித்துப்போகலாம். 1997இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்தப் பிரிவு நீங்கியது. 2001இல் சீன மனநோய்ப் பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பு பெருமளவு நீக்கப்பட்டது. யாரும் மேடையேறி 'இவர்கள் குற்றவாளிகள் இல்லை' என்று அறிவிக்கவில்லை. ஆதரிப்பதில்லை, எதிர்ப்பதில்லை, ஊக்குவிப்பதில்லை என்று அரசின் போக்கை அங்கே மக்கள் சொல்வார்கள். அந்த மௌனத்தில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. எழுதப்பட்ட பாதுகாப்பு எதுவும் இல்லாததால் காற்று எப்போது வேண்டுமானாலும் திரும்பும்.

திரும்பியது. 2018 ஏப்ரலில் வெய்போ சமூகத்தளம் தன்பாலீர்ப்புப் பதிவுகளைத் துடைக்கப்போவதாக அறிவித்தது. 'நான் தன்பாலீர்ப்பாளர்' என்று லட்சக்கணக்கானோர் எழுத, மூன்றே நாளில் பின்வாங்கியது. ஆனால் 2020இல் தன்பாலீர்ப்பாளர் ஆண்டுதோறும் ஷாங்ஹாயில் நடத்திய பெருமை விழா நின்றது. 2021இல் பல்கலைக்கழகத் தன்பாலீர்ப்பு மாணவர் குழுக்கள் வீசாட் செயலியில் வைத்திருந்த கணக்குகள் ஓரிரவில் மறைந்தன. 2023இல் பெய்ஜிங்கில் பதினைந்து ஆண்டு இயங்கிய ஆதரவு மையம் மூடப்பட்டது.

நீங்கள் கேட்ட உத்தரவு 2021 செப்டம்பரில் வந்தது. 'நியாங்பாவ்' என்ற கேலிச்சொல்லை ஒளிபரப்புத் துறை அரசு ஆவணத்திலேயே எழுதி, இத்தகைய 'கோணல் அழகியல்' ஒழிய வேண்டும் என்றது. நம் ஊர்த் தெருவில் மென்மையாக நடக்கும் பையனைப் பார்த்துக் கத்தும் சொற்களுக்கு ஈடான சொல் அது. ஓர் அரசு அதைத் தாளில் அச்சடித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்கு முன்பே, 2019இல் காணொளித் தளங்கள் ஆண் நடிகர்களின் காதில் கம்மல் தெரியாமல் மங்கலாக்கின. 2021 தொடக்கத்தில், பையன்கள் பெண்மைத்தனமாகிறார்கள் என்ற ஒரு முன்மொழிவுக்குப் பதிலளித்த கல்வி அமைச்சு, உடற்பயிற்சி ஆசிரியர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதாகவும் கால்பந்தை வளர்ப்பதாகவும் சொன்னது. பிறப்பு குறைகிறது, படைக்கு ஆள் வேண்டும், வல்லரசுப் போட்டி நடக்கிறது. 'நோயாளி' என்ற அந்தப் பழைய காயத்தில் மறுபடி கை பட்டிருக்கிறது. மென்மையான ஆணைப் பார்த்து எழும் பயமும் தன்பாலீர்ப்பைப் பார்த்து எழும் பயமும் இங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. முன்பு இரண்டும் இப்படி ஒட்டியிருக்கவில்லை.

இதற்கு நடுவே 'தான்மெய்' கதைகள்: ஆண்–ஆண் காதல், எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவை தொடராகும்போது முத்தம் போய் ஆழ்ந்த பார்வை மட்டும் மிஞ்சும். ரசிகர்கள் அதைச் 'சோஷலிச சகோதரத்துவம்' என்பார்கள். 2018இல் அன்ஹுயி மாநில நீதிமன்றம் ஒன்று இப்படி எழுதிய ஒரு பெண்ணுக்கு ஆபாச எழுத்தென்று பத்தரை ஆண்டு சிறை விதித்தது. மூன்றாண்டுகளுக்குப் பிறகு, தான்மெய் கதைகளைத் தொடராக்குவதையே ஒளிபரப்புத் துறை நிறுத்தச் சொன்னது.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது? ஒற்றைக் குழந்தைக் கொள்கை 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை நடந்தது. இன்று இருபத்தைந்து, நாற்பது வயதிலிருக்கும் நகரத்துத் தன்பாலீர்ப்பாளர் பலர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. நான்கு தாத்தா பாட்டிகள், இரண்டு பெற்றோர், இவர்கள் வம்சம் முழுவதும் ஒரே தோளில். மகன் வேண்டுமென்ற ஆசையில் பெண் கருக்களைக் கலைத்ததால் 2000களில் நூறு பெண் குழந்தைகளுக்குச் சுமார் 120 ஆண் குழந்தைகள் பிறந்தன. அதே நாட்டில் இருபத்தேழு வயதில் கல்யாணமாகாத, படித்த பெண்ணை 'மிச்சப்பட்டவள்' என்கிறார்கள். 2007இல் கல்வி அமைச்சின் புதுச்சொல் பட்டியலிலேயே அது இடம்பெற்றது. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு, 'லாலா' என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களுக்கு, இரண்டு சுமையும் சேர்ந்துவிடுகிறது.

ஷாங்ஹாய் மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் பெற்றோர் குடை விரித்து, அதன்மேல் பிள்ளையின் வயது, உயரம், சம்பளம், சொந்த வீடு உண்டா என்று எழுதிய தாளைக் குத்தி உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் யாரும் அங்கே இருப்பதில்லை. ஒருமுறை தன்பாலீர்ப்புப் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் வானவில் குடையோடு அங்கே போய் உட்கார்ந்தார்கள். காவலர்கள் வெளியேற்றினார்கள். அவர்களுக்கு முன்னோடியாக, குவாங்சோவின் வூ யோஜியன் என்ற தாய் 2005லேயே தொலைக்காட்சியில் தன் மகனுக்கு ஆதரவாகப் பேசினார். பிறகு அத்தகைய பெற்றோருக்கான அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர்.

எல்லா வீட்டிலும் அப்படித் தாய் கிடைப்பதில்லை. அதனால் 'சிங்ஹுன்' என்ற வழி: தன்பாலீர்ப்பு ஆணும் தன்பாலீர்ப்புப் பெண்ணும் ஒப்புக்குக் கல்யாணம் செய்துகொள்வது, புத்தாண்டுக்கு இரு வீட்டுக்கும் ஜோடியாகப் போய்வருவது. இதைவிடக் கொடியது, ஒன்றும் தெரியாத ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வது. அந்த மனைவிகளுக்கு 'தோங்ச்சி' என்ற பெயரே உண்டாகிவிட்டது. விவாகரத்து கேட்டால் நீதிமன்றத்தில் எதை நிரூபிப்பது? ஆணின் ஒளிவுக்கான விலையைக் கடைசியில் பெண் கொடுக்கிறாள் என்பதால் இந்த இரண்டு கேள்வியையும் பிரிக்க முடியாது என்றேன். ஐநா வளர்ச்சித் திட்டம் 2016இல் வெளியிட்ட, ஏறக்குறைய 30,000 பேரிடம் எடுத்த ஆய்வில், குடும்பத்திடம் சொன்னவர்கள் சுமார் 15 விழுக்காடு. பள்ளியிலோ வேலையிலோ வெளிப்படையாக இருந்தவர்கள் சுமார் 5 விழுக்காடுதான்.

'சீனப் பண்பாடே இப்படி' என்று முடிக்க முடியாது, ஏனென்றால் தைவானும் அதே மென்சியஸைப் படித்த நாடுதான். 2000 ஏப்ரலில் பிங்துங் மாவட்டப் பள்ளியொன்றில் பதினைந்து வயதுப் பையன் கழிப்பறையில் ரத்தத்தில் கிடந்தான், மறுநாள் இறந்தான். பெண்ணைப்போல் பேசுகிறான் என்று மற்ற பையன்கள் அவனைக் கழிப்பறையில் துன்புறுத்துவார்கள். அதனால் மணி அடிப்பதற்குச் சில நிமிடம் முன்பே தனியாகப் போய்வருவது அவன் வழக்கம். அவன் தன்பாலீர்ப்பாளனா என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் தேவையில்லை. அவன் சாவுக்குப் பிறகு, இருபாலார் சமத்துவம் என்று தயாராகிக்கொண்டிருந்த சட்டம் விரிந்து, பாலின வெளிப்பாடு, ஈர்ப்பு எல்லாவற்றையும் அணைக்கும் கல்விச் சட்டமாக 2004இல் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் படித்த தலைமுறைதான் வளர்ந்து வீதிக்கு வந்தது. ஒருபால் திருமணத்தை மறுப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2017 மே 24 அன்று அரசியல் சாசன நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2018 வாக்கெடுப்பில் மக்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள், ஆனாலும் 2019 மே மாதம் ஒருபால் திருமணம் சட்டமானது. ஹாங்காங்கிலும் சிங்கப்பூரிலும் நடந்தது நம் கதை. ஆண்–ஆண் உறவைக் குற்றமாக்கிப் பிரிட்டிஷ்காரன் எழுதிவைத்துப்போன தண்டனைப் பிரிவுதான். ஹாங்காங் 1991இலும் சிங்கப்பூர் 2022இலும் கைவிட்டன.

குவாங்சோவில் என்னோடு வேலை பார்த்த ஒருவனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். ஹுனான் கிராமத்துக்காரன், ஒரே மகன். 'தோங்ஜி' என்று தன்னைச் சொல்லிக்கொள்வான். சொல்லுக்குப் பொருள் தோழர்; நாம் கட்சிக்காரர்களைத் 'தோழர்' என்று அழைப்பதுபோல அங்கேயும். 1980களின் கடைசியில் ஹாங்காங்கில் தன்பாலீர்ப்பாளர் அந்தச் சொல்லைத் தமக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறு ஆண்டுகளாக ஒருவரோடு வாழ்கிறான், வீட்டுக்கு 'அறைத்தோழர்' என்று சொல்லியிருக்கிறான். வசந்தத் திருவிழா என்ற சீனப் புத்தாண்டு ஒன்றுக்கு முன் அவனை வழியனுப்பத் தெற்கு ரயில் நிலையம் போனேன். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றபடியே இடது காதுக் கம்மலைக் கழற்றிச் சில்லறைப் பைக்குள் போட்டான். பேச்சை நிறுத்தக்கூட இல்லை, கை பழகியிருந்தது. பத்து நாளில் திரும்பினான். பெட்டியில் அம்மா புகைபோட்ட பன்றியிறைச்சி, இரண்டு பொட்டலம். ஒன்று அறைத்தோழருக்காம். அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "கல்யாணம் எப்போது என்று இந்த வருஷம் கேட்கவில்லை" என்றான்.

சீனச் சட்டத்தில் அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் யாருமில்லை. 2021இல் நடைமுறைக்கு வந்த குடிமைச் சட்டத் தொகுப்பிலும் திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும்தான். ஆனால் அதே தொகுப்பின் 33ஆம் பிரிவில், வயதுவந்த எவரும் தனக்கு நினைவு தப்பினால் யார் முடிவெடுக்க வேண்டும் என்று எழுத்தில் முன்பே நியமித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. முதியோருக்காக வந்த ஏற்பாடு அது. தோங்ஜிகளும் லாலாக்களும் அதைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அறுவைசிகிச்சைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு வழி கிடைத்தது. சொத்துக்குத் தனியாக உயில் எழுத வேண்டும். எல்லா நோட்டரி அலுவலகமும் செய்து தராது, ஒரு பெரிய நகரத்துக்குத் தேடிப்போக வேண்டியிருக்கும்.

அவர்கள் இருவரும் அதைச் செய்துகொண்டார்கள். படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் தயங்கினார்களாம். நோட்டரி அம்மா பேனாவை வாங்கி 'நண்பர்' என்று எழுதி, முத்திரை குத்தி, இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தாராம்.